கச்சான் வெக்கையும் கோழித்தீன் மூடையும்



கச்சான் காற்று தொடங்கினால் எமது கரையோரத்தில் ஒரே பேச்சுத்தான்: "கோழி சாகுது." நூறு குஞ்சு எடுத்து வளர்க்கும் வீட்டில், விற்கிற கிழமையில் பத்துக் கோழி செத்தால் கையில் மிஞ்ச வேண்டியது அதோடு போய்விடும். குஞ்சும் கடன், தீனும் கடன். எத்தனையோ தாய்மார் பிள்ளைகளின் படிப்புச் செலவை இந்தக் கூட்டை நம்பித்தான் பார்க்கிறார்கள்.

கோழி செத்ததும் நாம் கடைக்கு ஓடுகிறோம். ஒரு அன்டிபயோட்டிக் பக்கற், ஒரு விற்றமின் பவுடர். வெக்கையால் சாகிற கோழிக்கு அன்டிபயோட்டிக் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. மருந்து உடம்பை விட்டுப் போகும் நாட்கள் முடியுமுன் அறுத்தால், அந்த மருந்து எமது பிள்ளைகளின் சோற்றுக் கோப்பைக்கு வரும். அவ்வளவுதான்.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறோம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அதன் உடற்சூடு சாதாரணமாகவே ஏறத்தாழ 41 பாகை. சூடு கூடினால் வாயைத் திறந்து இளைத்துத்தான் அதை வெளியேற்ற வேண்டும். ஐந்தாறு கிழமையில் இரண்டு கிலோ நிறைக்கு வளரும் புறொய்லர் கோழியின் உடம்பு, தானாகவே நிறையச் சூட்டை உண்டாக்கும். அதற்கு மேல் தகரக் கூரையின் வெக்கையும் சேர்ந்தால், கலங்களுக்குள் சுயாதீன மூலிகங்கள் அளவுக்கு மிஞ்சும். இவை கலமென்சவ்வின் கொழுப்பைத் தாக்கும். ஒன்று கெட்டால் அது பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும். இதைத்தான் ஒட்சியேற்றத் தகைப்பு என்கிறோம்.

இதற்கு எதிராக உடம்பில் காவல் உண்டு. விற்றமின் ஈ அந்தச் சங்கிலியை இடையில் அறுக்கும். நெடுங்காலம் நஞ்சாகவே பார்க்கப்பட்ட செலனியம், குஞ்சுகளுக்கு அவசியம் என்பது 1957இல் தெரியவந்தது. கலங்களைக் காக்கும் ஒரு நொதியத்தின் பகுதி அது என்பது 1973இல் தெரிந்தது. விற்றமின் சீயைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே ஆக்கிக்கொள்ளும். ஆனால் கடும் வெக்கையில் அது போதாமல் போகலாம்.

"அப்படியென்றால் பவுடர் வாங்குவது சரிதானே?" என்று கேட்பீர்கள். எமது கருத்து இதுதான்: பவுடருக்குக் காசு கொடுக்குமுன், மூடையில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய விற்றமினைக் காப்பாற்றுங்கள்.

கம்பனித் தீனில் விற்றமின் ஈயும் செலனியமும் சேர்த்துத்தான் வருகின்றன. நாம் அந்த மூடையை வெயில் படும் சுவரோடு சாத்தி, வாய் திறந்தபடி ஒரு மாதம் வைக்கிறோம். செலவைக் குறைக்க மில்லில் இருந்து பழைய தவிட்டை வாங்கிக் கலக்கிறோம். நெல்லுத் தவிட்டின் எண்ணெய், குற்றிய சில மணித்தியாலங்களிலேயே கெடத் தொடங்கும். மூக்கில் பிடித்தால் காறல் நாற்றம் தெரியும். காறிய எண்ணெய் தீனில் உள்ள விற்றமின் ஈயைத் தின்றுவிடும். கோழிக்கு வெளியில் வெக்கை, வயிற்றுக்குள் காறிய கொழுப்பு. காவலுக்கு ஆளில்லை.

இன்னொன்று. வெக்கையில் கோழி குறைவாகத் தின்னும். தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. அந்த நாட்களில் தண்ணீரில் விற்றமின் கொடுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் காலையில் கரைத்ததை மறுநாளும் வைக்க வேண்டாம். விற்றமின் சீ தண்ணீரில் நெடுநேரம் நிற்காது. பக்கற்றில் எழுதிய அளவை மீறவும் வேண்டாம். செலனியம் கூடினால் இன்றைக்கும் நஞ்சுதான்.

காசில்லாமல் செய்யக்கூடியவை முதலில். தகரத்துக்கு மேல் கிடுகு போடுங்கள். காற்றோட்டத்துக்குப் பக்கங்களைத் திறந்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். செமிபாடும் சூட்டைக் கூட்டும் என்பதால் உச்சி வெயிலில் தீன் வைக்காமல், சுபஹுக்குப் பிறகும் அஸருக்குப் பிறகும் வையுங்கள். மூடையைப் பலகையின் மேல், நிழலில், வாய் கட்டி வையுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் தேவையான தீனை ஒரேயடியாக வாங்காதீர்கள். மூடையை முடிக்க முடியாதவர்கள் இரண்டு மூன்று வீடு சேர்ந்து பங்கிடலாம். கடைக்காரரிடம் உற்பத்தித் திகதியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பச்சைக் கழிச்சல், மூக்கொழுகல், கழுத்துத் திருகல் கண்டால் அது வேறு கதை. உடனே அரச கால்நடை வைத்தியரிடம் போங்கள். மருந்தை அவர் தீர்மானிக்கட்டும், கடைக்காரர் அல்ல.

நல்ல தீன் தின்ற கோழியின் இறைச்சியும் சீக்கிரம் காறாது. விற்றமின் ஈ இறைச்சியிலும் தங்கி அதன் கொழுப்பைக் காக்கும். வளர்ப்பவருக்கும் வாங்குபவருக்கும் இதில் நன்மை உண்டு. வாயில்லாப் பிராணி எமது கையில் அமானிதம் என்று சொல்கிற நாம், அதற்குக் காறிய தவிட்டை வைக்கலாமா?

கோழி வளர்க்கும் உறவுகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் கூட்டில் எது பலன் தந்தது என்பதையும் கீழே எழுதுங்கள்.