பாதித் தூரம் யார் போட்ட கணக்கு?

சர்வதேச சைக்கிள் சங்கத்தின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,
ஏகிள், சுவிட்சர்லாந்து.



உங்கள் உலகச் சாம்பியன் பட்டியலைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பெண்கள் ஸ்பிரின்டில் கலீனா சாரேவா என்ற சோவியத் வீராங்கனையின் பெயர் ஆறு இடத்தில் வரும். 1969, 1970, 1971. பிறகு 1977, 1978, 1979. கடைசிப் பட்டம் வென்ற மறு ஆண்டே ஒலிம்பிக் அவருடைய நாட்டுக்கு வந்தது. மாஸ்கோவின் கிரிலாட்ஸ்கோயே பகுதியில் அதற்கென்றே ஒரு சைக்கிள் பந்தய அரங்கம் (வெலோட்ரோம்) எழுப்பியிருந்தார்கள். ஆண்கள் ஸ்பிரின்டில் கிழக்கு ஜெர்மனியின் லுட்ஸ் ஹெஸ்லிக் தங்கம் வாங்கினார். நடப்பு உலகச் சாம்பியன் சாரேவாவுக்கோ சொந்த நாட்டு ஒலிம்பிக்கில் ஓட்டுவதற்கு ஒரு பந்தயம் இல்லை. பெண்களுக்கான சைக்கிள் போட்டி என்ற ஒன்றே அதுவரை ஒலிம்பிக்கில் கிடையாது. சாலைப் பந்தயம் 1984இல் வந்தது. ஸ்பிரின்டுக்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவருக்கு முன்னால் இன்னொரு கலீனா இருந்தார். கலீனா எர்மோலாயேவா. 1958இல் பாரிஸில் நடந்த முதல் பெண்கள் உலக ஸ்பிரின்டை வென்றவர். அவர் கணக்கிலும் ஆறு பட்டங்கள், கடைசியானது 1972இல். ஆண்களுக்கு இந்த உலகப் போட்டி 1893இல் சிகாகோவில் தொடங்கிவிட்டது. நடுவில் 65 ஆண்டுகள். அந்த இடைவெளியில் பெண்கள் சைக்கிள் ஓட்டாமலா இருந்தார்கள்?

1988 சியோல் ஒலிம்பிக்கில் ஒருவழியாகக் கதவு திறந்தபோது வென்றவர் எரிகா சலுமாயே. எஸ்தோனியப் பெண், சோவியத் சீருடையில். நான்கு ஆண்டு கழித்து பார்சிலோனாவில், விடுதலை பெற்ற எஸ்தோனியாவுக்காக மறுபடியும் வென்றார். (அன்று அந்நாட்டுக் கொடியைத் தலைகீழாக ஏற்றினார்கள். அந்தப் பழியை உங்கள் தலையில் போட மாட்டேன்.) சியோலில் இரண்டாவதாக வந்த கிறிஸ்டா ரோத்தன்பர்கர், அதே ஆண்டு கல்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் தங்கம் வாங்கியவர். பெண்களுக்குத் தெம்பு போதாது என்று யாராவது நினைத்திருந்தால் அந்த ஒரு ஆண்டே அவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கும்.

இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்பிரின்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது அல்ல. 250 மீட்டர் மரத்தளத்தில் இரண்டே பேர், மூன்று சுற்று. பிரேக் இல்லை, கியர் மாற்ற முடியாது, சைக்கிள் நகரும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். தொடக்கத்தில் பெரும்பாலும் அவசரமே தெரியாது. முன்னால் போகிறவர் தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பின்னால் வருகிறவர் சரிவின் உச்சிக்கு ஏறி நேரம் பார்ப்பார். எதிராளியை முன்னே தள்ளுவதற்காக சைக்கிளை அசையாமல் நிறுத்தி நிற்பவர்களும் உண்டு. பிறகு ஒரு கணத்தில் பாய்ச்சல். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜெர்மனியின் லேயா ஃபிரீட்ரிச் கடைசி 200 மீட்டரை 10.029 விநாடியில் கடந்து உலக சாதனை வைத்தார். மணிக்குக் கிட்டத்தட்ட 72 கிலோமீட்டர்.

இந்தத் தனிநபர் ஸ்பிரின்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தளம், ஒரே மூன்று சுற்று. ஆக, ஒரே தூரத்தை இருவரும் ஓட்டலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருந்தும் மற்ற பந்தயங்களில் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டீர்கள். நேரத்துக்கு எதிராகத் தனியாக ஓட்டும் பந்தயத்தில் ஆண்களுக்கு ஒரு கிலோமீட்டர், பெண்களுக்கு 500 மீட்டர். டீம் ஸ்பிரின்டில் ஆண்கள் மூன்று பேர் மூன்று சுற்று, பெண்கள் இரண்டு பேர் இரண்டு சுற்று. இலையில் பாதிச் சோறு வைத்துவிட்டு, இவளுக்குப் பசி இவ்வளவுதான் என்று நீங்களே சொல்லிக்கொண்டதைப் போல இருந்தது.

என் மனத்தாங்கலின் மையம் 2005ஆம் ஆண்டு முடிவுதான். பி.எம்.எக்ஸ். பந்தயத்தை ஒலிம்பிக்கில் சேர்க்க இடம் வேண்டியிருந்தது. ஆண்களின் கிலோமீட்டரையும் பெண்களின் 500 மீட்டரையும் எடுத்துவிட்டீர்கள். ஆளுக்கு ஒன்று, பார்வைக்கு நியாயம். யாரிடம் என்ன மிஞ்சியது என்று எண்ணினீர்களா? 2004 ஏதென்ஸில் கிலோமீட்டரை வென்றவர் பிரிட்டனின் கிறிஸ் ஹோய். 500 மீட்டரை வென்றவர் ஆஸ்திரேலியாவின் அனா மியர்ஸ், 33.952 விநாடி, அன்றைய உலக சாதனை. ஹோய் தன் பந்தயம் போனதும் ஸ்பிரின்ட், பலர் சேர்ந்து ஓட்டிக் கடைசியில் பாயும் கெய்ரின், டீம் ஸ்பிரின்ட் மூன்றிலும் இறங்கி 2008 பெய்ஜிங்கில் மூன்று தங்கம் வாங்கினார். அவர் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஒதுங்குவதற்கு அவருக்கு மூன்று இடம் இருந்தது. மியர்ஸுக்கு இருந்தது ஒன்றே ஒன்று: தனிநபர் ஸ்பிரின்ட். பெண்கள் கெய்ரினை 2002 முதல் உலகப் போட்டியில் நீங்களே நடத்திவந்தீர்கள். பெண்கள் டீம் ஸ்பிரின்ட் 2007இலேயே வந்துவிட்டது. இரண்டும் பெய்ஜிங்குக்குப் போகவில்லை. தளப் பந்தயங்களில் ஆண்களுக்கு ஏழு பதக்கப் போட்டி, பெண்களுக்கு மூன்று.

அந்த ஒற்றை வாய்ப்புக்காக மியர்ஸ் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 2008 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் உலகக் கோப்பையில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. ஏழு மாதத்தில் பெய்ஜிங் வந்து வெள்ளி வாங்கினார். இறுதிப் போட்டியில் அவரை வென்ற விக்டோரியா பெண்டில்டன் அதற்குள் பலமுறை உலகச் சாம்பியன். ஹோய் மூன்று தங்கத்தோடு விமானம் ஏறியபோது, பெண்டில்டன் ஒன்றோடு ஏறினார். அதற்கு மேல் அவர் வெல்ல அங்கே ஸ்பிரின்ட் வகைப் போட்டி எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் ஒலிம்பிக் குழுவின் ஆள் எண்ணிக்கை வரம்பைக் காரணம் காட்டுவீர்கள். வரம்பு அவர்களுடையது, எதை வெட்டுவது என்ற முடிவு உங்களுடையது.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 2012 லண்டனில் ஆண்களுக்கு ஐந்து, பெண்களுக்கு ஐந்து என்று சமன் செய்தீர்கள். ஸ்பிரின்டில் மியர்ஸ் தங்கம், கெய்ரினில் பெண்டில்டன் தங்கம். டீம் ஸ்பிரின்டை மட்டும் இரண்டு பேர் பந்தயமாகவே வைத்துக்கொண்டீர்கள். ஒருவர் ஒரு சுற்று இழுத்துவிட்டு விலக வேண்டும், மற்றவர் முடிக்க வேண்டும்; அந்த ஒரே மாற்றத்தில் ஒரு சக்கரம் சற்று முந்தினால் பந்தயமே போச்சு. லண்டனில் அதுதான் நடந்தது. பெண்டில்டனும் ஜெஸ் வார்னிஷும் அப்படி வெளியேறினார்கள். இறுதியில் முதலில் வந்த சீன ஜோடியும் அதே காரணத்துக்காகத் தங்கத்தை இழந்தது. தங்கம் ஜெர்மனியின் கிறிஸ்டினா ஃபோகலுக்கும் மிரியம் வெல்டேவுக்கும் போனது.

2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் டீம் ஸ்பிரின்டில் பெண்கள் இரண்டு பேர்தான். அதே ஆண்டு அக்டோபரில் ரூபே உலகப் போட்டியில் திடீரென்று மூன்று பேரானார்கள். இரண்டே மாதத்தில் பெண்களின் கால்களில் என்ன புதிதாக முளைத்தது? மூன்றாவது சுற்று வந்தவுடன் ஜெர்மனியின் ஹின்ஸ, ஃபிரீட்ரிச், கிராபோஷ் மூவரும் உலக சாதனையோடு அதை வென்றார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் அந்தச் சாதனை திரும்பத் திரும்ப உடைந்து, பிரிட்டன் பெண்களின் 45.186 விநாடியில் வந்து நின்றது. முதல் சுற்றை இழுத்த கேட்டி மார்ச்சன்ட் அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் குழந்தை பெற்றவர். அத்தனை காலம் பெண்களுக்கு இல்லை என்று வைத்திருந்த மூன்றாவது சுற்றை முடித்தவர் எம்மா ஃபினுகேன்; அந்த ஒலிம்பிக்கில் மூன்று பதக்கத்தோடு திரும்பினார்.

2025 முதல் உலகப் போட்டியில் பெண்களுக்கும் ஒரு கிலோமீட்டர் என்று மாற்றியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் ஒலிம்பிக்கில் அது இன்னும் இல்லை, ஆண்களுக்கும் இல்லை. அந்த வெட்டின் விலையை எங்கள் இந்தியாவிலும் ஒருவர் கொடுத்திருக்கிறார். நிக்கோபார் தீவைச் சேர்ந்த டெபோரா ஹெரால்டு, 2004 சுனாமியில் சிறுமியாக உயிர் தப்பியவர். 2015இல் உங்கள் தரவரிசையிலேயே 500 மீட்டரில் உலகின் நான்காம் இடத்துக்கு வந்தார். இந்திய சைக்கிளுக்கு அது எவ்வளவு பெரிய உயரம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் பந்தயத்தை நீங்கள் ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துப் பத்தாண்டு ஆகியிருந்தது.

நான் கேட்பது பெரிய தொகையோ விழாவோ அல்ல. 500 மீட்டர், இரண்டு சுற்று என்ற அளவுகளை எந்த அளவீட்டை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதை உங்கள் பழைய கூட்டக் குறிப்புகளிலிருந்து எடுத்து வெளியிடுங்கள். அளவீடே இல்லையென்றால், இல்லை என்று எழுதுங்கள். 1958க்கும் 1988க்கும் இடையே உலகப் பட்டம் வென்றும் ஒலிம்பிக் பார்க்காத ஸ்பிரின்ட் பெண்களில் உயிரோடு இருப்பவர்களை அடுத்த உலகப் போட்டிக்கு அழைத்து, தவறு யாருடையது என்பதை அவர்கள் முன்னால் உங்கள் தலைவரே சொல்லட்டும். கிலோமீட்டர் பந்தயத்தை இருபாலருக்கும் ஒலிம்பிக்கில் மறுபடி சேர்க்கும்படி நீங்களே முன்மொழியுங்கள். இனி எப்போதாவது ஒரு பந்தயத்தை வெட்ட நேர்ந்தால், வெட்டிய பிறகு ஆணுக்கு எத்தனை மிஞ்சும், பெண்ணுக்கு எத்தனை மிஞ்சும் என்ற கணக்கை வாக்கெடுப்புக்கு முன்பே வீராங்கனைகளுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெண்கள் ஸ்பிரின்டை விடாமல் பார்த்துவரும் ஒரு தமிழ் ரசிகை