தரவின் வயதைச் சொல்லாத தளம்

2021 மே மாதத் தொடக்கத்தில், கோவின் தளத்தின் பொது ஏபிஐ விதிகளில் ஒரு சிறு குறிப்பு இடம்பெற்றது. தடுப்பூசி முன்பதிவு இடங்கள் பற்றிய தரவு கேச் செய்யப்படுகிறது. அது 30 நிமிடம் வரை பழையதாக இருக்கக்கூடும் என்பதே அக்குறிப்பு. ஓர் ஐபி முகவரிக்கு 5 நிமிடத்தில் 100 அழைப்புகள் என்ற வரம்பும் அதில் இருந்தது.

அந்நாட்களில், கோவிஷீல்டு தயாரான புனே நகரிலேயே 18 முதல் 44 வயது வரையிலானோருக்கு ஊசி அரிதாக இருந்தது. தடுப்பூசித் தட்டுப்பாட்டால் மே மாத நடுவில் மகாராஷ்டிர அரசு அந்த வயதினருக்கான பணியைத் தற்காலிகமாக நிறுத்தவும் நேர்ந்தது. திறந்த இடங்கள் நொடிகளில் நிரம்பிய சூழலில், அரை மணி நேரம் பழைய தரவு என்பது ஏறக்குறைய தரவே இல்லாத நிலைதான்.

இதற்காகப் பொறியாளர்களைக் குறை கூறுவது எளிது; நியாயமன்று. ஏப்ரல் 28 அன்று இந்த வயதினருக்குப் பதிவு திறந்தபோது, அந்த ஒரு நாளிலேயே 1 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். ஒவ்வொரு வினவலையும் மூலத் தரவுத்தளத்துக்கே அனுப்பினால் எந்த அமைப்பும் சாய்ந்துவிடும். கேச் தவிர்க்க முடியாதது. எத்தனை நிமிடம் என்பதுதான் கேள்வி. அந்த எண் தொழில்நுட்ப அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுதப்பட்டாலும், யார் காத்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொதுக் கொள்கை முடிவு அது.

இன்று இந்த முடிவை எடுப்போர் எண்ணிக்கை பெருகிவிட்டது. 2017இல் கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸ் அறிவிக்கப்பட்ட பின், தனக்கென ஒரு சேவையகம் இல்லாமலேயே, பயனருக்கு அருகிலுள்ள தரவு மையத்தில் இயங்கும் எட்ஜ் ஃபங்ஷனை ஒரு மாணவர் கூட ஓர் இரவில் எழுதிவிட முடிகிறது. ஆனால் அதன் இயல்பு பாடத்திட்டங்களில் போதிய அளவு பேசப்படுவதில்லை. ஃபங்ஷனின் நினைவகத்தில் வைத்த மதிப்பு எந்நேரமும் மறையலாம். வொர்க்கர்ஸின் கேச் ஏபிஐ அந்தந்தத் தரவு மையத்துக்கே உரியது. மும்பையில் நீக்கிய நகல் சென்னையில் உயிரோடிருக்கலாம். அதன் கேவி சேமிப்பில் எழுதிய மாற்றம் பிற இடங்களில் தெரிய 60 நொடியோ அதற்கு மேலோ ஆகலாம். ஆக, ஒரே கேள்விக்கு ஒரே நேரத்தில் இரு நகரங்களில் இரு விடைகள் கிடைக்கக்கூடும்.

2010இல் ஆர்எஃப்சி 5861 வரையறுத்த ‘ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட்’ முறையில் இன்னும் நுட்பமான ஏற்றத்தாழ்வு ஒளிந்துள்ளது. காலாவதியான நகலை உடனே கொடுத்துவிட்டு, பின்னணியில் புதியதைப் பெறுவது அம்முறை. அஞ்சல் குறியீடு வாரியாகத் தேடும் ஒரு தளத்தை எண்ணிப் பார்க்கலாம். கோத்ரூடுக்கு நிமிடந்தோறும் பலர் கேட்பதால் நகல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். வேல்ஹே மலைக் கிராமத்துக்கு நாளில் ஒருவரே கேட்டால், அனுமதிக்கப்பட்ட கால அளவு நீண்டதாக இருக்கும்போது அவருக்கு நேற்றைய விடையே கிடைக்கும். அவர் கேட்டதன் பயன் அடுத்து வருபவருக்குச் சேரும். நகரவாசிக்கு வேகமாகத் தோன்றும் ஏற்பாடு, தனியே வந்து கேட்பவருக்குப் பொய்யாக முடிகிறது.

தீர்வுகள் கடினமானவை அல்ல. முதலாவதாக, தரவின் தன்மைக்கேற்ப ஆயுளைப் பிரிக்க வேண்டும். தடுப்பூசி மையத்தின் முகவரி ஒரு நாள் பழையதாயினும் தீங்கில்லை. எஞ்சிய இடங்களின் எண்ணிக்கைக்கு நொடிகளே ஆயுள். இரண்டையும் ஒரே விடையில் கட்டி ஒரே ஆயுளைக் கொடுப்பதுதான் பிழை. இரண்டாவதாக, மூலத்தில் மாற்றம் நிகழும்போதே உரிய நகலை எல்லா மையங்களிலும் நீக்க வேண்டும். அரிதாகக் கேட்கப்படும் பகுதிகளைக் குறித்த இடைவெளியில் தாமாகவே புதுப்பிக்க வேண்டும். மூன்றாவதாக, விடையோடு அதன் வயதையும் பயனரின் மொழியில் காட்ட வேண்டும். எச்டிடிபி நெறிமுறையில் ‘ஏஜ்’ என்னும் தலைப்பு நெடுங்காலமாகவே உள்ளது. உலாவிக்குத் தெரிவது மனிதருக்கு மறைக்கப்படுகிறது.

வயதைக் காட்டினால் மக்கள் குழம்புவர் என்றொரு வாதம் உண்டு. காய்கறிச் சந்தையில் காலைக் கீரைக்கும் மாலைக் கீரைக்கும் வேறுபாடு அறிந்தவர்கள் இந்நாட்டு மக்கள். ‘12 நிமிடங்களுக்கு முந்தைய நிலை’ என்ற சொற்றொடர் அவர்களைக் குழப்பாது. வீணாக ஒரு மையத்துக்கு ஓடாமல் காக்கும். கோவின் விதிகளில் அக்குறிப்பு இருந்தது பாராட்டுக்குரியது. எனினும் அது நிரலாளர் படிக்கும் ஆவணத்தில் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவரோ, கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த குடிமகன்.

கணினியியல் துறைகள் கேச் பற்றிக் கற்பிக்கும்போது வேகத்தையும் செலவையும் மட்டும் அளக்கின்றன. பழைய விடையால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதும் தேர்வுத்தாளில் ஒரு கேள்வியாக வேண்டும்.