பழம்பேனாக்களும் புதுப்பொய்களும்

பழைய மைப்பேனாக்களைச் சேகரிப்போரிடையே இரண்டு வழக்கங்கள் வேரூன்றியிருக்கின்றன. ஒன்று, நிப்பில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு முழுப் பேனாவுக்கும் ஆண்டு குறித்துவிடுவது. மற்றது, பேனாவின் காலத்துக்குப் 'பொருந்தாத' நிப்பைக் கழற்றிவிட்டுப் 'பொருத்தமான' ஒன்றை மாட்டிவிடுவது. முன்னது அறியாமை, சொன்னால் திருந்திவிடும். பின்னது அறிவின் பெயரால் நடக்கும் அழிவு. நடந்தபின் திருத்த வழியில்லை. இரண்டையும் மறுத்தே இதை எழுதுகிறோம்.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கக்கூடும். ஓர் எழுத்தாளர் மறைந்தபின் அவருடைய கையின் தடம் எஞ்சியிருப்பது இரண்டு இடங்களில்: கையெழுத்துப் பிரதியில் ஒன்று, பேனாவில் மற்றொன்று. பிரதியில் ஓர் எழுத்தைத் திருத்தினால் கொதித்தெழுகிற நாம், பேனாவின் நிப்பையே மாற்றினால் 'புதுப்பித்தல்' என்று பாராட்டுகிறோம்.

முதலில் எண்களைப் பார்ப்போம். நிப்பில் உள்ள 585 என்பது மாடல் எண் அன்று; ஆயிரத்தில் 585 பங்கு தங்கம், அதாவது 14 காரட் என்று பொருள். மோன்ட்பிளாங்க் நிறுவனத்தின் மைஸ்டர்ஷ்டுக் நிப்புகளில் காணும் 4810, அந்த மலைச்சிகரத்துக்குச் சொல்லப்பட்ட உயரம், மீட்டரில். அதைத் தொடர் எண்ணாகக் கருதி ஆண்டு கணிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாட்டர்மேன் பேனாக்களின் உடலில் 1884, 1899, 1903 ஆகிய ஆண்டுகள் வரிசையாக இருக்கும். அவை காப்புரிமை பெற்ற ஆண்டுகளேயன்றிப் பேனா பிறந்த ஆண்டுகள் அல்ல. அதே உடலில் மை நிரப்பும் நெம்புகோலும் இருந்தால், அந்நிறுவனம் நெம்புகோல் பேனாவை 1915இல்தான் கொண்டுவந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். காப்புரிமை ஆண்டு 'இதற்கு முன்பு இல்லை' என்று மட்டுமே சொல்லும். 'இதே ஆண்டு' என்று ஒருபோதும் சொல்லாது. நூலின் பதிப்புரிமை ஆண்டையும் அச்சான ஆண்டையும் பிரித்தறியத் தெரிந்த வாசகருக்கு இது புரியாத செய்தியன்று.

நிப்பைக் கொண்டு காலம் கணிப்பதில் உள்ள அடிப்படைக் கோளாறு எளியது. பேனாவிலேயே அதிகம் மாற்றப்படும் உறுப்பு நிப்புதான். எஸ்டர்புரூக் நிறுவனம் தன் நிப்புகளைத் திருகி மாட்டும்படியாகவே செய்தது. 1551, 2668, 9128 என்று எண்ணிட்டு, வேண்டிய நிப்பை வாங்கி வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும்படி விற்றது. அந்த எண்கள் எழுத்தின் தன்மையைச் சொல்வனவே தவிர, உடலின் வயதைச் சொல்வன அல்ல. ஷீஃபர் நிறுவனம் 1920இல் 'லைஃப்டைம்' என்று வாழ்நாள் உத்தரவாதத்தோடு நிப்பை விற்றது. உத்தரவாதம் என்றால், கெட்டுப்போனதை நிறுவனமே மாற்றித்தந்தது என்றும் பொருள். ஆகவே ஒரு பேனாவின் நிப்பும் உடலும் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருப்பது மோசடிக்குச் சான்றாகாது. அது பயன்பாட்டின் சான்றாகவும் இருக்கலாம்.

அப்படியானால் காலத்தை எப்படித்தான் அறிவது? உடல், நிரப்பும் முறை, செய்பொருள், பொறிப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான். பார்க்கர் 51 நல்ல எடுத்துக்காட்டு. அதன் நிப்பு பெரும்பகுதி கூட்டுக்குள் மறைந்திருக்கும். வெளியே தெரிவது நுனி மட்டுமே. ஆனால் அமெரிக்காவில் செய்யப்பட்ட பழைய 51களின் உடலில், பெயர்ப் பொறிப்பை அடுத்து ஓர் ஒற்றை எண் இருக்கும். அது ஆண்டின் கடைசி இலக்கம். அருகிலுள்ள புள்ளிகள் காலாண்டைக் குறிக்கும். எண் 1 என்றால் 1941ஆ, 1951ஆ? பொறிப்பு இங்கே மௌனமாகிவிடும். நிரப்பும் முறை பேசும். பின்முனையில் அழுத்துகுமிழ் கொண்ட வேக்குமேட்டிக் என்றால் 1941. உலோக உறைக்குள் பையை அமுக்கி நிரப்பும் ஏரோமெட்ரிக் என்றால் 1951. ஏனெனில் அம்முறை வந்ததே 1948இல். ஒரு சாட்சியை மற்றொரு சாட்சியால் சோதிப்பது என்பது இதுதான். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்துவைத்த உ.வே.சா.வின் வழியும் இதுவே.

இந்தக் கணக்கு வெறும் பொழுதுபோக்கன்று. '1951இன் உடல்' என்று நிறுவப்பட்ட பேனா, 1947இல் அச்சேறிய நாவலை எழுதியிருக்க முடியாது. கண்ணாடிப் பேழையில் என்ன அட்டை எழுதிவைத்தாலும் முடியாது.

இனி இரண்டாவது வழக்கம். ஜெர்மனியில் 1930களின் இறுதியில் நிப்புகளுக்குத் தங்கம் பயன்படுத்துவது கட்டுப்படுத்தப்பட்டது. பெலிக்கான் நிறுவனம் குரோம்-நிக்கல் எஃகு நிப்புகளைச் செய்து 'சி.என்.' என்று பொறித்தது. அந்த மங்கிய எஃகு நிப்பைக் கழற்றிவிட்டு, தங்க நிப்பை மாட்டி, 'மேம்படுத்தப்பட்டது' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். மேம்பட்டது விலை மட்டுமே. போர்க்கால ஆட்சி ஒரு பேனாவின் நுனிவரை வந்து தொட்டதற்கான சான்று குப்பைக்குப் போய்விட்டது.

இதனினும் பெரிய இழப்பு நுனியில் நேர்கிறது. நிப்பின் முனையிலுள்ள கடின உலோகமணி, ஒரே கையில் பல்லாண்டு எழுதப்படும்போது ஒரு பக்கமாகத் தேயும். அத்தேய்வைப் பார்த்து, எழுதியவர் பேனாவைச் சாய்த்துப் பிடித்தாரா, நிமிர்த்திப் பிடித்தாரா, ஒரு பக்கம் திருப்பி எழுதினாரா என்று உய்த்துணரலாம். அந்த நிப்பு உடலைவிடப் பத்தாண்டு இளையதாக இருந்தாலென்ன? எழுதியது அதுதான். அதை எறிந்துவிட்டு, அவர் கைபடாத 'சரியான' நிப்பை மாட்டுவது, ஆசிரியர் அடித்துத் திருத்திய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படியெடுத்த பக்கத்தை ஒட்டுவதற்கு ஒப்பாகும்.

'பேனா எழுதுவதற்கே; அருங்காட்சியகத்துக்கு அல்ல' என்பார்கள். மறுக்கவில்லை. இற்றுப்போன ரப்பர்ப் பையை மாற்றுங்கள். உறைந்த மையைக் கழுவுங்கள். அவை இல்லாமல் பேனா எழுதாது. பழுப்பேறிய எபோனைட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது மட்டும் எழுதுவதற்கு எவ்வகையில் உதவுகிறது? அத்தேய்ப்பில் முதலில் மறைவது பொறிப்புதான். சாய்ந்த வெளிச்சத்தில் உருப்பெருக்கி வைத்துப் படித்திருக்கக்கூடிய ஆண்டு, பிறகு யாருக்கும் கிடைக்காது.

எனவே சேகரிப்போரிடமும் விற்போரிடமும் நாங்கள் கேட்பது அதிகமில்லை. உடல் இன்ன காலத்தது, நிப்பு இன்ன காலத்தது என்று தனித்தனியே எழுதுங்கள். நிப்பை மாற்றியே தீரவேண்டுமானால், கழற்றியதைத் தாளில் மடித்து, பேனாவோடு சேர்த்தே கொடுங்கள். ஊகத்தை ஊகம் என்று சொல்லுங்கள். பழம்பொருளைத் திருத்தி அழகாக்குவது நம் வேலையன்று. அது சொல்வதைச் சிதைக்காமல் அடுத்தவர் கையில் சேர்ப்பதே நம் வேலை.