இதத்தின் மேல் இதம்: வால்வு ஆம்ப்ளிஃபயரும் தாழொலி மிகுந்த ஹெட்போனும்

இது சற்று நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் தொடரலாம்.

சென்ற வாரம் விடுதி உணவகத்தில் இளைய ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, என் ஹெட்போனில் ஏற்கெனவே பேஸ் அதிகம். அதற்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா, கூடாதா?" அவர் ஏற்கெனவே இருவரிடம் கேட்டிருந்தார். ஒருவர், இனிப்பின் மேல் இனிப்பு இட்டால் திகட்டிவிடும், கூடவே கூடாது என்றாராம். மற்றவர், வால்வின் இதமே தனி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றாராம். இரண்டுமே பிழையான அறிவுரைகள் என்பது என் துணிபு. இரண்டும் 'இதம்' என்ற ஒற்றை உரிச்சொல்லின் மீது கட்டப்பட்டவை. விடையோ ஓம் என்னும் அலகில் இருக்கிறது.

இதை நான் நூலில் படித்து மட்டும் அறியவில்லை, பணம் கொடுத்தும் கற்றேன். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை பெறும் காலத்தில், அதில் பாதிக்கு மேல் செலவிட்டு, பெங்களூரில் ஒருவரிடமிருந்து பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினேன். கையில் இருந்தது 32 ஓம் அளவுள்ள, தாழொலி மிகுந்த, மூடிய வகை ஹெட்போன். முதலில் இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'ஹவ் டு நேம் இட்?' கேட்டேன். வயலின்களுக்குக் கீழே தெளிவாக நடந்துசெல்ல வேண்டிய தாழ்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கஞ்சியாகக் கிடந்தன. அடுத்து ஒரு தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் தொப்பி ஒவ்வொரு அடிக்குப் பின்னும் அடங்காமல் முனகியது. மூன்று மாதம், "இதுதான் வால்வின் இதம் போலும்" என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். செலவிட்ட பணம் செவியையும் ஏமாற்றும்.

பிறகொரு நாள் ஆம்ப்ளிஃபயரை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று எளிய சோதனை ஒன்று செய்தேன். தாழ்ந்த ஒலியளவில் 200 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை ஓடவிட்டு, வெளியீட்டில் எதையும் இணைக்காமல் மின்னழுத்தத்தை அளந்தேன். பின் 100 ஓம் மின்தடை ஒன்றை இணைத்து மீண்டும் அளந்தேன். மின்னழுத்தம் ஏறத்தாழச் சரிபாதியானது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்னெதிர்ப்பும், அதாவது ஒலிப்பிரியர்கள் இம்பீடன்ஸ் என்று வழங்குவதும், ஏறத்தாழ 100 ஓம். மூன்று மாதக் குழப்பம் பத்து நிமிடத்தில் தெளிந்தது.

காரணத்தைச் சொல்கிறேன். வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் இல்லாத ஓ.டி.எல். வகை வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் வெளியீட்டு மின்னெதிர்ப்பு இயல்பாகவே அதிகம். 100 ஓம் என்பது அங்கே வியப்பன்று. ஹெட்போனின் மின்னெதிர்ப்போ எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதன் சவ்வும் சுருளும் இயல்பாக அதிரும் தாழ்ந்த அதிர்வெண்ணை ஒட்டி அது மேடாக உயர்கிறது. மேடு உள்ள இடத்தில் ஹெட்போன் மின்னழுத்தத்தில் பெரும்பங்கைப் பெறுகிறது; அங்கே ஒலி உயர்கிறது. அந்த இடம் தாழொலிப் பகுதியாகவே பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. மக்கள் 'வால்வின் இதம்' என்று போற்றுவதில் ஒரு கணிசமான பகுதி இந்த எளிய பங்கீட்டுக் கணக்குதான்.

இப்போது இரண்டு ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். சென்ஹைசர் எச்.டி. 650, 2003 முதல் இதமான ஒலிக்குப் பெயர்பெற்றது. அதன் அளவு 300 ஓம். தாழொலி மேட்டில் ஏறத்தாழ 500 ஓம் வரை செல்கிறது. 100 ஓம் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால் அந்த மேட்டில் கூடுவது ஒரு டெசிபலுக்கும் சற்றுக் குறைவு. செவி அதை ஒரு மெல்லிய நிறைவாகவே உணரும். எனவே இதமான ஹெட்போனும் வால்வும் சேரா என்னும் விதி இங்கே பொய்க்கிறது. இந்த இணையை உலகெங்கும் பலர் ஆண்டுக்கணக்கில் விரும்பிக் கேட்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு.

மற்றொன்று, 32 ஓம் ஹெட்போன். தாழொலியில் அதன் மேடு வெறும் 48 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். அதே ஆம்ப்ளிஃபயரில் அந்த மேடு ஏறத்தாழ இரண்டரை டெசிபல் உயர்ந்துவிடும். ஏற்கெனவே தூக்கிவைக்கப்பட்ட தாழொலியின் மேல் இது வந்து அமர்கிறது. அதுமட்டுமன்று, மின்னழுத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே வீணாகிறது. குறைந்த ஓமுக்கு மிகுந்த மின்னோட்டம் தர வேண்டியிருப்பதால் வால்வு திணறி, உருத்திரிபும் மிகுகிறது. சுருள் அசையும்போது அது தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. குறைந்த மின்னெதிர்ப்புள்ள ஆம்ப்ளிஃபயர் அதற்குத் தடைக்கட்டை போலச் செயல்பட்டுச் சவ்வை நிறுத்தும். 100 ஓமில் அந்தத் தடை தளர்ந்துவிடுகிறது. என் தொப்பி முனகியது அதனால்தான்.

வால்வுக்கென்று தனிக்குணமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஒற்றை டிரையோடு வால்வு பெரும்பாலும் இரண்டாம் சீரிசையைச் சேர்க்கிறது. அது மூலச் சுரத்தின் மேல்ஸ்தாயி, சட்ஜத்துக்கு மேல்சட்ஜம். ஆகவே அது செவிக்குப் பகையாகத் தோன்றுவதில்லை. ஆனால் அதே வளைவு, இரண்டு சுரங்கள் சேர்ந்து வரும்போது அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் உண்டாக்கும். 100 ஹெர்ட்ஸ் தாழொலியும் 1,000 ஹெர்ட்ஸ் குரலும் சேர்ந்தால் 900, 1,100 ஆகிய அதிர்வெண்கள் முளைக்கும். இவை எந்த இராகத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல. சிறிய அளவில் இவை மறைந்துவிடும். திணறும் ஆம்ப்ளிஃபயரில் மறையா.

நம் இசை கேட்போருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். சர் சி.வி. இராமன் சிவகாளி குமாருடன் இணைந்து 1920இல் 'நேச்சர்' இதழிலும், பின்னர் 1934இல் பெங்களூரில் இருந்தபோது மீண்டும், மிருதங்கம், தபலா ஆகியவற்றின் தோல் அதிர்வுகளை ஆராய்ந்து எழுதினார். சாதாரணப் பறையின் மேற்சுரங்கள் ஒழுங்கற்ற விகிதத்தில் இருக்க, நடுவில் கரணை இட்ட வலந்தலையின் மேற்சுரங்கள் சீரிசை வரிசையில் அமைகின்றன என்பதே அவர் கண்டது. தலைமுறைகளாகக் கைவினைஞர்கள் ஒரு தோலுக்குள் வருந்திச் சேர்த்த அந்த ஒழுங்கை, பொருந்தாத ஒரு கருவிச்சேர்க்கை மூடிமறைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. உரத்த தாழொலி தனக்கு மேலுள்ள நுண்ணிய ஒலிகளை மறைக்கும் என்பது செவியின் இயல்பு.

அதிலிருந்து ஓர் ஆபத்தும் பிறக்கிறது. மறைந்த குரலைத் தேடி நாம் ஒலியளவைக் கூட்டுகிறோம். 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியாஷ் வகுத்த வரம்பு. 88இல் 4 மணி நேரம், 91இல் 2 மணி நேரம். இரவெல்லாம் ஹெட்போனோடு ஆய்வேடு எழுதும் நமக்கு இந்தக் கணக்கு விளையாட்டன்று. போன பணம் திரும்பலாம். போன செவி திரும்பாது.

"எனக்குக் கனத்த ஒலிதான் பிடிக்கும், அதைச் சொல்ல நீ யார்?" என்று சிலர் சினக்கலாம். நியாயமே. சுவையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவையைக் கைப்பேசியிலுள்ள ஈக்வலைசர் செலவின்றித் தரும். 100 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு டெசிபல் ஏற்றி ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். ஏழாம் நாளும் இனித்தால் அது உங்கள் சுவை. திகட்டினால் ஒரு மாத உதவித்தொகை மிச்சம். வால்வின் செவ்வொளி மீது காதல் கொண்டோரையும் நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன். 1961இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வானொலி வால்வுகள் செய்யத் தொடங்கிய ஊரில் வாழ்ந்துகொண்டு அந்த ஒளியை வெறுப்பது எப்படி? ஆயின் ஒளிக்குக் கொடுக்கும் விலையை ஒலியின் கணக்கில் எழுதக்கூடாது.

ஆகவே என் தீர்ப்பு இது. 300 ஓம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெட்போன் இதமானதாக இருந்தாலும் ஓ.டி.எல். வால்வு தாராளமாகப் பொருந்தும். 32 ஓம் ஹெட்போனுக்கு வால்வுதான் வேண்டும் என்றால், குறைந்த மின்னெதிர்ப்புக்கான வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் உள்ளதையோ, வெளியீட்டில் டிரான்சிஸ்டர் உள்ள கலப்பு வகையையோ நாடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருந்தால் ஹெட்போனின் சுபாவம் மாறாது. மேற்பட்டால் எவ்வளவு மாறும் என்பதைத் தெரிந்தே வாங்குங்கள்.

விற்போருக்கும், கருவிகளை மதிப்பிட்டு எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். 'தேன்', 'பட்டு', 'வெண்ணெய்' என்று எழுதுமுன் அந்த ஓர் எண்ணை எழுதுங்கள். அது அட்டைப்பெட்டியில் இல்லையென்றால், வாங்குவோர் கேளுங்கள். விடை வராவிட்டால் திரும்பி நடங்கள்.

என் 32 ஓம் ஹெட்போன் இப்போது கைப்பேசியோடு மகிழ்ச்சியாக இருக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு 300 ஓம் துணை ஒன்று, இரண்டாண்டுச் சேமிப்புக்குப் பின் வாய்த்தது. தொப்பி இப்போது அடித்தவுடன் பேசுகிறது, பேசியவுடன் அடங்குகிறது. கேள்வி கேட்ட தம்பியின் ஹெட்போனை வாங்கிப் பார்த்தேன், 32 ஓம். ஆம்ப்ளிஃபயருக்கு என்று வைத்திருந்த பணத்தை அப்படியே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாறுபட்ட அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். ஹெட்போனின் ஓம், ஆம்ப்ளிஃபயரின் ஓம் இரண்டையும் குறிப்பிட்டு எழுதினால் விவாதம் பயனுறும்.