வாக்கைத் தீர்மானிப்பது அரிசியா, மொழியா?

தேர்தல் ஒன்று முடிந்தவுடன், மக்கள் எதனைக் கருதி வாக்களித்தனர் என்னும் வினா எழுவது இயல்பு. விலையேற்றம் என்பார் சிலர். தலைவர்பால் கொண்ட ஈர்ப்பு என்பார் சிலர். குலப்பற்று என்பார் வேறு சிலர். தமிழ்நாட்டு வரலாற்றில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்தது 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலைப் பற்றியேயாகும். அரைநூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னும் அவ்வினாவுக்கு இரண்டு விடைகள் கூறப்பட்டு வருகின்றன. அரிசி வென்றது என்பது ஒன்று; மொழி வென்றது என்பது மற்றொன்று.

தமிழன்பர் பலருக்கு முதல் விடை கசக்கின்றது. கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி 1964ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் திருச்சியில் தம்மைத் தீக்கிரையாக்கிக் கொண்டது ஓர் உருபாய்க்கு எத்தனை படி அரிசி என்னும் கணக்கிற்காகவா என அவர்கள் வெகுள்கின்றனர். மொழியுணர்வைச் சோற்றுக்கு ஈடாக வைப்பதே இழிவு என்பது அவர்கள் கருத்து. அவ்வெகுளி தூயதே. ஆயினும் அது ஞாயமானதா என்று ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் அரிசியின் பக்கம் நின்று நோக்குக. 1965, 1966 ஆகிய இரண்டாண்டுகளிலும் இந்திய நாடெங்கும் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி நாடு காத்திருந்தது. நெல்லும் அரிசியும் மாநில எல்லை கடந்து செல்வதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. 1966 சூன் திங்களில் உருபாவின் மதிப்புக் குறைக்கப்பட்டது. விலைகள் மேலும் ஏறின. பங்கீட்டுக் கடை வாயிலில் பையும் கையுமாகப் பெண்கள் நெடுநேரம் நின்ற காலம் அது. அந்நிலையில்தான் தி.மு.க., ஓர் உருபாய்க்கு மூன்று படி அரிசி குறிக்கோள் என்றும், ஒரு படி உறுதி என்றும் மக்கள்முன் வைத்தது. உலை வைக்க அரிசியின்றித் தவித்த தாய்க்கு அச்சொல் எத்துணைப் பொருளுடையதாக இருந்திருக்கும் என்பதை எவரும் உணரலாம்.

அத்துடன் அரிசிக் கட்சியார் மற்றொரு சான்றும் காட்டுவர். 1967இல் பேராயக் கட்சி தமிழகத்தில் மட்டும் வீழவில்லை. பீகாரிலும், மேற்கு வங்காளத்திலும், ஒடிசாவிலும், கேரளத்திலும், பஞ்சாபிலும் அது பெரும்பான்மை இழந்தது. பீகார் மக்கள் இந்தித் திணிப்பை எதிர்த்தா வாக்களித்தனர்? பசியும் விலையேற்றமும் எங்கும் பொதுவாக இருந்தமையின் தோல்வியும் பொதுவாயிற்று என்பது அவர் வாதம். இவ்வாதத்தைப் புறந்தள்ளுதல் இயலாது.

இனி மொழியின் பக்கம் நின்று நோக்குக. 1938ஆம் ஆண்டு இராசகோபாலாச்சாரியார் ஆட்சியில் பள்ளிகளில் கட்டாய இந்தி புகுத்தப்பட்ட நாள்தொட்டு மூண்ட போர் அது. நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைப்பட்ட நிலையில் உயிர்நீத்தனர். 1965 சனவரி 26ஆம் நாளோடு இந்தியே ஆட்சிமொழியாகும் என்ற நிலை நெருங்கியபோது மாணவர் தெருவிற்கு வந்தனர். கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் ஆகியோர் தீக்குளித்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலரால் சுடப்பட்டு மாண்டார். ஈராண்டு கழித்து விருதுநகர்த் தொகுதியில் காமராசரை 1,285 வாக்குகளில் வென்றவர், அம்மாணவர் போரில் தலைமை ஏற்றவருள் ஒருவரான பெ. சீனிவாசன். கல்விக்கண் திறந்த பெருந்தலைவர் ஓர் இளைஞரிடம் தோற்றார் என்றால், அத்தோல்விக்கு அரிசி விலையை மட்டும் கரணியமாகக் காட்டுதல் பொருந்தாது.

எனினும், தேர்தல் கணக்கு இரு சாராரையும் சற்று அடங்கச் செய்கின்றது. 1962இல் பேராயக் கட்சி 139 இடங்களையும் தி.மு.க. 50 இடங்களையும் பெற்றிருந்தன. 1967இல் தி.மு.க. 137 இடங்களை வென்றது. பேராயக் கட்சி 51 இடங்களாகச் சுருங்கியது. ஆனால் வாக்குகளை எண்ணின், பேராயக் கட்சி பெற்றவை நூற்றுக்கு 41, தி.மு.க. பெற்றவையும் ஏறத்தாழ அவ்வளவே, ஒரு சிறு பின்னம் குறைவு. தி.மு.க. எல்லாத் தொகுதிகளிலும் போட்டியிடாமல் சுதந்திராக் கட்சி, மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சி முதலியவற்றோடு தொகுதிகளைப் பகிர்ந்துகொண்டதே இடக்கணக்கைப் புரட்டியது. நடிகர் ம.கோ. இராமச்சந்திரன் அவ்வாண்டு சனவரித் திங்களில் சுடப்பட்டு மருத்துவமனையிற் கிடந்ததும் மக்கள் உள்ளத்தை உலுக்கிற்று. தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாற்பத்தொருவர், இத்துணைப் பசிக்கும் இத்துணைப் போருக்கும் பின்னரும், பழைய கட்சிக்கே வாக்களித்தனர் என்பதை மறவாதிருத்தல் நன்று. ஆகவே ஒற்றைக் கரணியம் ஒன்றே தேர்தலை வென்றது என்னும் கூற்று எப்பக்கத்திலிருந்து வந்தாலும் அது மிகைக்கூற்றே.

அங்ஙனமாயின் மொழிக்கு அத்தேர்தலில் இருந்த இடம் யாது? பிற மாநிலங்களோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். பீகாரிலும் வங்காளத்திலும் பேராயக் கட்சியை அகற்றிப் பலகட்சி ஆட்சிகள் அமைந்தன. அவை ஓராண்டு நிறையுமுன்னரே கவிழ்ந்தன. 1972இல் இரு மாநிலங்களிலும் பேராயக் கட்சி மீண்டும் ஆட்சியேறியது. தமிழ்நாட்டிலோ 1967இல் இழந்த ஆட்சியை அக்கட்சி அதன்பின் ஒருநாளும் மீட்கவில்லை. பசி எங்கும் ஆட்சியைக் கவிழ்த்தது. கவிழ்ந்த இடத்தில் யாரை அமர்த்துவது, எந்நோக்கத்திற்காக அமர்த்துவது என்பதில் தெளிவு இருந்த இடம் தமிழ்நாடு. அத்தெளிவைத் தந்தது முப்பதாண்டு மொழிப்போர். மழை பெய்தது, விலை இறங்கியது, பசியின் சினம் தணிந்தது. மொழியின் சினம் ஒரு கொள்கையாகி நிலைத்தது. 1968 சனவரி 23ஆம் நாள் சட்டமன்றம் ஏற்ற இருமொழிக் கொள்கை இன்றளவும் நிற்கின்றது. 1967இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய உருபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டமோ, பொருட்சுமை தாங்காமல் மாநிலம் முழுதும் பரவாமலே நின்றுபோயிற்று.

இதனால், அரிசி தாழ்ந்தது, மொழி உயர்ந்தது என்று முடிவு செய்தல் கூடாது. 1965இல் மாணவர் எதற்கு அஞ்சினர் என்பதை உற்று நோக்குதல் வேண்டும். நடுவணரசுப் பணித்தேர்வுகள் இந்தியில் நடைபெறுமாயின், இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவன் பிறவியிலேயே பெற்ற மொழியைத் தமிழ் மாணவன் பதினைந்தாண்டு முயன்று கற்றாலும் அவனுக்கு நிகராக நிற்றல் அரிது என்பதே அவர்தம் அச்சம். அஃது உணர்வு பற்றிய அச்சம் மட்டுமன்று. வாழ்வு பற்றிய அச்சமுமாகும். பள்ளியிறுதி வகுப்பில் மகனை வைத்திருந்த உழவனும் நெசவாளனும் அதனைத் தெளிவாக உணர்ந்தனர். இந்தி வந்தால் தம் மகனுக்கு வேலை இல்லை. வேலை இல்லையேல் சோறில்லை. ஆகவே 1965இல் மொழிச் சிக்கலே சோற்றுச் சிக்கலாக இருந்தது. இரண்டும் ஒருவீட்டுக் கவலைகளாக இருந்தமையாலேயே ஒருவாக்கில் ஒன்றுசேர்ந்தன.

ஆந்திரத்தில் 1983ஆம் ஆண்டு நிகழ்ந்ததும் இதற்கு ஒத்ததே. என்.டி. இராமராவ் கட்சி தொடங்கி ஓராண்டு முடியுமுன் ஆட்சியைப் பிடித்தார். தெலுங்கர் தன்மானம் என்ற முழக்கம் ஒரு கையிலும், கிலோ இரண்டு உருபாய் அரிசி என்ற உறுதி மறுகையிலும் அவர் வைத்திருந்தார். ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் ஏந்தியிருப்பின் அவ்வெற்றி அத்துணை விரைவாகக் கிட்டியிருக்குமா என்பது ஐயத்திற்குரியது.

எனவே, அரிசிக்கு வாக்களித்தவனை இனவுணர்வற்றவன் என்று இகழ்வது தமிழ்நெறி ஆகாது. பசியைப் பிணி என்றே பெயரிட்டு அழைத்த மொழி தமிழ். சிறுகுடி கிழான் பண்ணனைப் பசிப்பிணிக்கு மருத்துவன் எனச் சோழவேந்தன் கிள்ளிவளவன் பாடியது புறநானூற்றில் உள்ளது. அறம் உரைக்க வந்த மணிமேகலையின் கையில் சாத்தனார் கொடுத்தது அமுதசுரபி என்னும் உணவுக் கலமே. பசித்தவன் தன் பசியைக் கருதி ஒப்போலை இடுவது குற்றமாயின், அக்குற்றத்தைத் தமிழ்ச் சான்றோர் ஈராயிரம் ஆண்டுகளாகப் பொறுத்தே வந்துள்ளனர்.

இனி, இக்காலத்தை நோக்குக. 2006இல் கிலோ அரிசி இரண்டு உருபாய்க்கும், 2008இல் ஓர் உருபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் பங்கீட்டுக் கடைகளில் வழங்கப்படுகின்றது. எக்கட்சி ஆட்சிக்கு வரினும் அரிசி நிற்காது என்பதை வாக்காளர் அறிவர். ஆகலின், அரிசி இன்று கட்சிகளைப் பிரித்துக் காட்டுவதில்லை. அங்ஙனமே இருமொழிக் கொள்கையையும் தமிழ்நாட்டுப் பெருங்கட்சிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்றிற்காக ஒருவரை விட்டு மற்றொருவருக்கு வாக்களிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. இதனைக் கண்டு, தமிழனுக்கு மொழிப்பற்று மங்கிவிட்டது என்று கூறுவோர் உளர். அது பிழை. அணையில் நீர் நிறைந்து அசையாதிருப்பதைக் கண்டு ஆற்றில் நீரே இல்லை என்று சொல்வது போன்றது அது. அணையில் கைவைத்துப் பார்க்கட்டும். நீரின் விசை அப்பொழுது தெரியும்.

ஆயினும் எல்லாரும் ஒப்புக்கொண்டதில் ஓர் இடரும் உண்டு. யாவரும் போற்றும் கொள்கையை யாரும் காப்பதில்லை. மேடைதோறும் தமிழ் வாழ்க என்னும் முழக்கம் ஒலிக்கின்றது. பள்ளிதோறும் தமிழ்வழி வகுப்புகள் மெலிகின்றன. தனியார் பள்ளிகளில் மட்டுமன்றி அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டுவிட்டன. சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ் வழக்குமொழியாக வேண்டும் என்று சட்டமன்றம் 2006இல் ஒருமுகமாகக் கேட்டும் அது கிட்டவில்லை. தன் நிலத்தைப் பற்றிய வழக்கில் தன்னைப் பற்றி என்ன பேசப்பட்டது என்பதைத் தமிழுழவன் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டியிருக்கின்றது.

சிற்றூர்த் தாய் ஒருத்தி தன் மகளை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கின்றாள். தமிழ் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்கின்றாள். இது தமிழ்ப் பகை அன்று. 1965இல் ஓர் உழவன் கேட்ட அதே வினாதான். இம்முறை எதிர்நிற்பது இந்தியன்று, ஆங்கிலம். அன்று வாழ்வின் கவலை மொழியோடு சேர்ந்து நின்றது. இன்று அக்கவலை மொழிக்கு எதிராகத் திருப்பப்பட்டுள்ளது. இம்மாற்றமே தமிழியக்கத்தார் இரவும் பகலும் எண்ண வேண்டியது. அத்தாய்க்கு அறிவுரை கூறிப் பயனில்லை. விடை கூறல் வேண்டும்.

விடைக்குத் தொடக்கம் செய்யப்பட்டுள்ளது. தமிழ்வழியில் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடங்கள் என 2010இல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டு அரசுப் பணித்தேர்வுகளில் தமிழ்த்தாளில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பெறாதவர் தகுதியுறார் என 2021இல் ஆணை பிறந்தது. அவ்வாணைக்குப் பின் தேர்வெழுதுவோர் தமிழைப் புறக்கணித்தல் இயலாதாயிற்று. ஒரு நூறு மேடைப்பேச்சு செய்யாததை ஓர் ஆணை செய்தது. இருபது விழுக்காடு இன்னும் வளர்தல் வேண்டும். தனியார் தொழிலகங்களிலும் வைப்பகங்களிலும் அறமன்றங்களிலும் தமிழ் கற்றவனுக்கு இடம் வேண்டும். மருத்துவமும் பொறியியலும் தமிழில் பயில நல்ல நூல்கள் வேண்டும்.

இவற்றைத் தேர்தல் சிக்கலாக ஆக்குவதே இனி ஆற்றற்குரிய பணி. வாக்குக் கேட்டு வாயிலில் வந்து நிற்பவனிடம், தமிழைப் போற்றுவாயா என்று கேட்டால் அவன் ஆம் என்றே சொல்வான். ஒரு செலவும் இல்லாத விடை அது. தமிழ் படித்த என் மகளுக்கு எத்தனை பணியிடம் தருவாய், எவ்வாண்டிற்குள் தருவாய் என்று அத்தாய் கேட்பாளாயின், அவன் கணக்குச் சொல்லியாக வேண்டும். அரிசிக்குப் படிக்கணக்குக் கேட்டு வாங்கிய மக்கள் அவர்கள். மொழிக்கும் கணக்குக் கேட்க அவர்களுக்குத் தெரியும். கேட்கலாம் என்று அவர்களிடம் சென்று சொல்வதே தமிழ்த்தொண்டர் கடன். சோறிடும் மொழியை எம்மக்களும் கைவிட்டதில்லை.