'புள்ள பிடிக்கிறவங்க' வீடியோ வந்தா என்ன செய்யணும்?
'புள்ள பிடிக்கிறவங்க சுத்துறாங்க' என்று ஃபார்வேர்டு வந்தால் நாகல் நகர் பெற்றோருக்கும் பதறத்தான் செய்யும். 2018 மே மாதம் இதே பதற்றம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே ஒரு உயிரைப் பறித்தது. குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கடத்தல் கும்பல் என நினைத்து ஊரே திரண்டு அடித்ததில், 65 வயது மூதாட்டி இறந்தார்.

அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ, பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் தூக்கிய சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிக் காட்சியை வெட்டிட்டாங்க, அவ்வளவுதான்!

ஜூலையில் வாட்ஸ்அப், ஒரு தகவலை ஒரே நேரத்தில் 5 சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. ஆனால் ஐந்தும் 200 பேர் இருக்கிற தெரு குரூப்பா இருந்தா?

சந்தேகம் வந்தால் 100 அல்லது 1098-க்கு போன் போடுங்க. ஆளைச் சுற்றிக் கூட்டம் கூட்டாதீங்க.