பெருநாள் முடிந்த பிறகு யார் போவது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

மார்ச் 31இல் பெருநாள் முடிந்தது. சித்திரைப் புத்தாண்டு முடிந்தது. போன ஞாயிறு, ஏப்ரல் 20, ஈஸ்டரும் முடிந்தது. கொழும்புக்குத் திரும்பும் பிள்ளைகளைப் பதுளை பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, பசறைக்கும் மடுல்சீமைக்கும் தனியே திரும்புகிற தாய் தகப்பன்மாரை இந்த வாரம் எல்லோரும் பார்த்திருப்போம். இதை எழுத இதுதான் சரியான நேரம் என்று நினைக்கிறோம். முதியோர் இல்லங்களின் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவது இந்த வாரத்திலிருந்துதான்.

"நாங்கள்" என்று சொல்வது ஒரே ஆசிரியர் கலாசாலையில் பயின்று, இப்போது ஊவாவில் வெவ்வேறு பாடசாலைகளில் கற்பிக்கிற நான்கு பேரை.

போன வருடம், 2024இல், மூன்று பண்டிகைகளும் ஒட்டி ஒட்டி வந்தன. மார்ச் 31இல் ஈஸ்டர். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் பெருநாள். அடுத்த சில நாட்களில் புத்தாண்டு. எங்கள் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை. பெருநாளுக்கு மறுநாள் முப்பது கோப்பை வட்டிலப்பத்தைத் தூக்கிக்கொண்டு, கத்தோலிக்க சிஸ்டர்மார் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். எந்த இல்லம் என்று எழுதவில்லை. அங்கே இருப்பவர்களைத் தேடிப் போய் யாரும் படம் எடுத்துப் போடுவதை நாங்கள் விரும்பவில்லை.

உண்மையைச் சொன்னால், கேட்டடியில் தயங்கினோம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, சிலுவை வைத்த ஒரு வளவுக்குள் தொப்பியோடும் ஹிஜாபோடும் நுழைவது எங்களுக்கு லேசாக இருக்கவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கும் லேசாக இருந்திருக்காது. கதவைத் திறந்த சிஸ்டர் எங்களை ஒருமுறை பார்த்தார். "நோன்பு முடிஞ்சிதானே? அப்ப வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுவோம்" என்றார். ஐந்து வருடமாக மனதில் இருந்த பாரம் அந்தத் தேத்தண்ணியோடு கொஞ்சம் இறங்கியது.

உள்ளே பண்டிகைக் களை. வேலியோரத்து முள்முருக்கு சிவப்பாகப் பூத்திருந்தது. விறாந்தையில் நாலைந்து பெண்கள் புத்தாண்டுக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கொக்கிஸ் மாவு தண்ணியாகிவிட்டது என்று ஒரு சிங்கள அம்மாவும், முறுக்குக்கு எண்ணெய் காயவில்லை என்று ஒரு தோட்டத்து அம்மாவும் அவரவர் பாஷையில் சத்தம் போட்டார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு முழுதாக விளங்கியதாகத் தெரியவில்லை, ஆனாலும் சண்டை நன்றாகவே நடந்தது. சுவரில் மாட்டியிருந்த படங்களில் குருத்தோலை ஞாயிற்றுக்குச் செய்த ஓலைச் சிலுவைகள் காய்ந்து தொங்கின. தோட்டத்து அம்மா எங்களைப் பார்த்து, "நாப்பது வருசம் கூடையோட மலை ஏறுனேன் சேர், இங்க என்னய நாலு படி தனியா ஏற விடமாட்டேங்கிறாங்க" என்று முறைப்பாடு சொன்னார்.

எங்கள் வட்டிலப்பத்தைப் பார்த்து சிஸ்டர் சிரித்தார். அங்கே பாதிப் பேருக்குச் சீனி வருத்தம். கொண்டுபோக முன்னர் ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். எங்களுக்குத் தோன்றவில்லை.

பிறகு அவர் ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். யார் எந்த நாளில் சாப்பாடு தருகிறார்கள் என்று எழுதி வைக்கும் கொப்பி. ஏப்ரல் பக்கத்தில் எழுத இடமில்லை. சில நாட்களில் ஒரே நேரச் சாப்பாட்டுக்கு மூன்று பெயர். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வெசாக்கை ஒட்டிய சில நாட்களை விட்டால் மே மாதம் வெள்ளையாக இருந்தது. "வேற மாசத்துக்கு மாத்தித் தாங்கன்னு சொன்னா மனசு நொந்துபோறாங்க சேர். அவங்களுக்கு அந்த நாள்தானே முக்கியம்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நாங்களும் எங்கள் நாளைக் கொண்டாடத்தான் அங்கே போயிருந்தோம்.

புறப்படும்போதுதான் மூலைக் கட்டிலில் இருந்த பெரியவரைக் கண்டோம். ஸலாம் சொன்னார். ஒரு காலத்தில் தோட்டச் சந்தியில் கடை வைத்திருந்தவர். லயத்து ஆட்களுக்குச் சம்பள நாள் வரை கடன் கொடுத்த "கடை நானா". முதலில் எந்த ஜமாஅத் என்று விசாரித்தார். அடுத்ததாக, "நான் இங்க இருக்கிறத ஊர்ல சொல்லாதீங்க தம்பி, மகன்மாருக்குக் கூடாது" என்றார். அவர் கட்டிலுக்கு நேரே சுவரில் கிப்லாவைக் காட்டி ஒரு அம்புக்குறி இருந்தது. போட்டது சிஸ்டர். நோன்பு மாதம் முழுவதும் அந்த ஒரு மனிதருக்காக ஸஹருக்கு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு வருடமாக அவர் ஜும்ஆவுக்குப் போகவில்லை. பள்ளிவாசல் நான்கு கிலோமீற்றர் தூரம். கூட்டிப்போக ஆளில்லை.

இனி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம்.

"முஸ்லிம்கள் பெற்றோரை இல்லங்களில் விடுவதில்லை" என்று நாம் பெருமையாகச் சொல்வோம். அந்தப் பெருமையில் உண்மை இருக்கிறது. வயதான உம்மாவுக்கு இரவு மூன்று மணிக்கு எழுந்து உடுப்பு மாற்றும் மகள்மாரும் மருமகள்மாரும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மகன் கட்டாரில், மகள் கொழும்பில், மாடி வீட்டில் உம்மா தனியே என்று எத்தனை வீடுகள்? பெற்றோர் முதுமையடைந்தால் அவர்களிடம் ஒரு "சீ" என்ற சொல்கூடச் சொல்லக் கூடாது என்று ஸூரா பனூ இஸ்ராயீலின் 23ஆவது வசனம் கட்டளையிடுகிறது. நாள் முழுவதும் வீட்டில் பேசுவதற்கே ஆளில்லாதபோது அந்தக் கட்டளையை நிறைவேற்றிவிட்டோம் என்று சொல்ல முடியுமா?

தோட்டத்தில் நிலைமை இன்னும் கடினம். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். எடுத்த காசு மகளின் கலியாணத்துக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவு 70 வயதுக்குப் பிறகுதான். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை 3000 ரூபாயிலிருந்து 5000 ஆக்கினார்கள். சந்தோசம். ஆனால் 50க்கும் 70க்கும் இடையில் இருபது வருடம் இருக்கிறது. அந்த இருபது வருடமும் முழங்கால் வலியோடு கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்கள். குடியிருக்கும் லயக் காம்பராவும் தோட்டத்துக்குரியது, அவர்கள் பெயரில் உறுதி இல்லை. ஸ்பிரிங்வெளியிலும் நமுனுகுலையிலும் தெமோதரையிலும் எங்கள் மாணவர்களின் அப்பாயிமார், அம்மாயிமார் இப்படித்தான் இருக்கிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்கிறது. பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையும் அதன்கீழ் இருக்கிறது. ஆனால் தான் அங்கிருப்பது ஊருக்குத் தெரிந்தாலே மகன்மாருக்குக் கூடாது என்று பயப்படும் வாப்பா, அதே மகன்மார்மேல் முறைப்பாடு எழுதுவாரா? சட்டம் அவரை நெருங்குவதற்கு முன் அக்கம்பக்கத்தார் நெருங்க வேண்டும்.

சிஸ்டர்மாரின் வேலையைக் கண்ட பிறகு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடி வாசித்தோம். 1839இல் பிரான்சில் ஜான் ஜுகான் என்ற ஏழைப் பெண், பார்வையற்ற ஒரு கிழவியை வீட்டுக்குக் கூட்டிவந்து தன் கட்டிலைக் கொடுத்தார். அந்த ஒரு கட்டிலிலிருந்து வளர்ந்த 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கொழும்புக்கும் வந்து முதியோருக்கு இல்லம் திறந்தது. சந்தை சந்தையாகப் போய்க் கையேந்தி முதியோருக்குச் சோறு போடுவது அவர்கள் வழக்கம்.

நம்மிடம் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கலீஃபா உமர் (ரழி) அவர்கள், கையேந்தி நின்ற வயோதிப யூதர் ஒருவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய்க் கொடுத்து அனுப்பியதையும், அவருக்கும் அவர் போன்றவர்களுக்கும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கச் சொன்னதையும் இமாம் அபூ யூஸுஃப் தமது 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிந்திருக்கிறார்கள். இந்தச் சம்பவத்தை ஜும்ஆ பயான்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கேட்டதோடு வீட்டுக்குப் போய்விட்டோம்.

இனி எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். பெரியவரிடம் பேசிச் சம்மதம் வாங்கி, வெள்ளிக்கிழமைகளில் ஆட்டோவில் ஜும்ஆவுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினோம். முதல் வெள்ளி ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவர் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. பழைய கடன்காரர் ஒருவர் வந்து முஸாபஹா செய்து கையை விடாமல் நின்றார். எட்டு வெள்ளி ஒழுங்காகப் போனது. பிறகு தவணைப் பரீட்சை, விடைத்தாள் திருத்தம். இவர் போவார் என்று அவரும், அவர் போவார் என்று இவரும் இருந்துவிட்டோம். இரண்டு வெள்ளி யாருமே போகவில்லை. இரண்டு வெள்ளியும் வெள்ளைச் சாரம் உடுத்து, தொப்பி போட்டு, ஒன்றரை மணி வரை கேட்டடியில் கதிரை போட்டுக் காத்திருந்தாராம். பிறகு சிஸ்டர் சொல்லித்தான் தெரியும். அவர் எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலு பேரின் நல்ல மனது போதாது என்று அன்றுதான் விளங்கியது. முறை வைத்து, பெயர் எழுதி, ஒருவர் தவறினால் அடுத்தவர் போகும்படி ஜமாஅத்தே எடுத்து நடத்த வேண்டும். அதனால் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நான்கு யோசனைகளை வைக்கிறோம்.

1. சந்தாப் புத்தகம் வைத்திருப்பது போல, மஹல்லாவில் தனியே இருக்கும் முதியவர்களின் பெயர்ப் புத்தகம் ஒன்று வேண்டும். இல்லத்தில் இருக்கும் நம்மவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். வெட்கப்பட வேண்டாம்.

2. ஜும்ஆவுக்கு வாகன முறை. ஆட்டோ வைத்திருக்கும் சகோதரர்கள் மாதத்தில் ஒரு வெள்ளி தந்தால் போதும்.

3. குர்ஆன் மத்ரஸா மண்டபங்கள் பல காலையில் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு காலை அவற்றை முதியோருக்குத் திறந்து வைப்போம். தோட்டத்து அம்மாமாரும் வரட்டும். ஒரு தேத்தண்ணி, பிரஷர் பார்க்க ஒருவர், கொடுப்பனவு விண்ணப்பமும் முதியோர் அடையாள அட்டைப் படிவமும் நிரப்பிக் கொடுக்க ஒருவர். படிவம் நிரப்ப நாங்கள் தயார். வீட்டில் பராமரிக்கும் மருமகளுக்கும் அந்த மூன்று மணி நேரம் ஓய்வு கிடைக்கும்.

4. இல்லத்துக்குக் கொடுக்க முன் கேட்டுக் கொடுப்போம். பெரியவர்களுக்கான பெம்பஸ், கண்ணாடி, பல்செட், சுடுதண்ணிப் போத்தல் என்று தேவைகள் இருக்கும். சாப்பாடு கொடுப்பதென்றால் கொப்பியில் வெறுமையாக இருக்கும் நாளைக் கேட்டு எடுப்போம்.

"மற்ற மதத்தார் நடத்தும் இடத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி வரும். ஸகாத் பற்றி உலமாக்களிடம் கேளுங்கள், அதில் நாங்கள் தலையிடவில்லை. ஸதகாவுக்கு அப்படித் தடை இல்லை என்று கேட்டுத்தான் வளர்ந்தோம். அதோடு, நம்முடைய ஒருவருக்கு ஸஹர் சோறு போட்டது அந்த இடம். "அப்படியானால் நாமே ஒரு முதியோர் இல்லம் கட்டுவோம்" என்றும் சிலர் சொல்வார்கள். கட்டலாம். ஆனால் அடிக்கல் விழாவுக்கு ஆள் சேர்ப்பது சுகம். செவ்வாய்க்கிழமை காலையில் வந்து உட்கார ஆள் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வோம்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒக்டோபர் 1 நம் நாட்டில் சிறுவர் தினம், அதே நாள்தான் சர்வதேச முதியோர் தினமும். பாடசாலைகளில் பலூன் கட்டி முதலாவதைக் கொண்டாடுகிறோம், இரண்டாவது பதாகையில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. இந்த வருடம் ஒவ்வொரு பிள்ளையும் தன் அப்பாயியையோ உம்மும்மாவையோ கூட்டிவரச் சொல்லிப் பார்ப்போமே.

நாளை மறுநாள் வெள்ளி. இந்த வாரம் எங்கள் முறை. பெரியவருக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது, தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். அதற்குப் பிறகு மே 2, 9, 16, 23, 30 என்று ஐந்து வெள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு பெயர் எழுத வேண்டும். பதுளை, ஹாலிஎல பக்கம் இருப்பவர்கள் ஒரு வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டே கால் மணிக்குக் கேட்டடியில் நின்றால் போதும். அவர் அதற்கு முன்னமே தயாராக இருப்பார்.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோருக்கும் எல்லோருடைய பெற்றோருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.